டோர் லைட் அணைய மாட்டேன் என்கிறது

ஜூன் 3, காலை (வந்த கேள்வி)

அண்ணே, என்னுடையது டபுள் கேப் பிக்கப், ஒன்பது வருடம் ஓடிவிட்டது. நாலு கதவையும் சாத்தி, இறங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாயிற்று, எல்லாம் கெட்டியாகத்தான் மூடியிருக்கிறது. ஆனால் டேஷ்போர்டில் கதவு திறந்திருக்கும் படம் எரிந்துகொண்டே இருக்கிறது. எந்தக் கதவு என்று காட்டாது, மொத்தத்துக்கும் ஒரே சிவப்புப் படம்தான். வண்டி நகர ஆரம்பித்ததும் பீப் அடிக்கிறது. கேபின் லைட்டும் அணைவதில்லை, இரண்டு நாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் அந்த வயரை வெட்டிவிட்டால் தொல்லை விட்டது என்கிறார். வெட்டிவிடலாமா?

ஜூன் 3, இரவு

வெட்ட வேண்டாம் தம்பி. இதே கூத்து போன வருடம் என் வண்டியில் நடந்தது. என்னுடையதும் டபுள் கேப்தான். அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

கதவு மூடியிருக்கிறதா இல்லையா என்பது அந்த லைட்டுக்குத் தெரியாது. கதவு ஓரத்தில் லாட்ச் இருக்கிறதல்லவா, கதவுச் சட்டத்தின் தூணில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் வளையத்தைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி, அந்தக் கொக்கி எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்க லாட்ச்சுக்குள்ளேயே ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருப்பார்கள். லைட் கேட்பது அந்த சுவிட்சின் பேச்சை மட்டும். உள்ளே போட்ட கிரீஸ் வருடக்கணக்கில் காய்ந்து, தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகி, சுவிட்சின் நாக்கை நகரவிடாமல் பிடித்துக்கொண்டால், கதவு எவ்வளவு கெட்டியாக மூடியிருந்தாலும் லைட் எரியத்தான் செய்யும்.

எந்தக் கதவு என்று கண்டுபிடிக்க: ஒரு கதவைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரால் லாட்ச் கொக்கியை உள்ளே தள்ளு. 'டக்' என்று ஒரு முறை, இன்னும் தள்ளினால் இரண்டாவது 'டக்'. முதலாவது அரை லாக், இரண்டாவது முழு லாக். ஹேண்டிலை இழுத்தால் கொக்கி விடுபடும், திரும்பத் தள்ளு. பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்துவிட்டு அடுத்த கதவு. எந்தக் கதவில் தட்டிக்கொண்டிருக்கும்போது லைட் ஒரு கணம் அணைந்து எரிகிறதோ அதுதான் ஆள். எதிலும் அணையவில்லை என்றால் கதவின் உள்பேடை, அதாவது உள்பக்கத்து அட்டையைக் கழற்றி லாட்ச் கப்ளரை, அதாவது லாட்ச்சுக்கு வரும் வயர்களின் பிளக்கைப் பிடுங்கிப் பார். கெட்ட லாட்ச்சின் கப்ளரைப் பிடுங்கியதும் லைட் அணையும்.

ஆள் தெரிந்ததும் துருநீக்கி ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயைக் கொக்கி சுழலும் இடுக்கில் விட்டு இரண்டு மூன்று முறை அடி. பத்து நிமிடம் விட்டுவிடு. ஸ்க்ரூ டிரைவரால் முப்பது முறை தட்டு. கறுப்பாக வழியும், துணியால் துடை, திரும்ப அடி. என் வண்டிக்கு இது போதுமானதாக இருந்தது. வேலை முடிந்தது.

ஜூன் 4

முக்கியமானதை விட்டுவிட்டேன். ஸ்க்ரூ டிரைவரால் கொக்கியைத் தள்ளி முழு லாக்கில் வைத்துவிட்டு, அந்த நினைப்பில்லாமல் கதவைச் சாத்தாதே! மூடிய கொக்கி நேராக ஸ்ட்ரைக்கரில் போய் மோதும். ஒவ்வொரு முறையும் ஹேண்டிலை இழுத்துக் கொக்கி விடுபட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே கதவைத் தொடு. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்காதே, என் ஓட்டுநர் பக்க லாட்ச்சைச் சுற்றிப் பெயின்ட் இல்லை.

ஜூன் 6

பேட்டரி பற்றிக் கேட்டிருந்தாய். கணக்கு எளிதுதான். கேபினில் 5 வாட் பல்பு இரண்டு எரிகிறது என்று வைத்துக்கொள். 10 வாட், 12 வோல்ட், ஏறத்தாழ 0.8 ஆம்பியர். ஒரு நாள் முழுக்க எரிந்தால் 20 ஆம்பியர்-மணி போய்விடும். 70 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால் இரண்டு நாள் தாங்கலாம். பழைய பேட்டரியிடம் 70 எல்லாம் ஏது, ஓரிரண்டு இரவில் படுத்துவிடும்.

சில வண்டிகளில் கொஞ்ச நேரம் கழித்து கேபின் லைட் தானாக அணைந்துவிடும். அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. கதவு திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் கன்ட்ரோல் யூனிட் தூங்கப் போகாமல் விழித்திருக்கலாம், அதுவும் கரண்ட் குடிக்கும். எல்லாம் தூங்கிய வண்டி இழுப்பது சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும்.

அளந்து பார்க்க வேண்டுமென்றால் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வை. எல்லாம் தூங்கும்வரை அரை மணி நேரமாவது காத்திரு. மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

அதுவரை கேபின் லைட் சுவிட்சை 'டோர்' நிலையிலிருந்து முழுவதும் ஆஃபில் தள்ளிவிடு. ராத்திரி நெகட்டிவைக் கழற்றிவைத்தால் இன்னும் நல்லது.

ஜூன் 9

சரி, நான் சொன்னதில் ஒரு தப்பு.

தம்பி நேற்று எழுதியது இது: கதவை ஆட்டிக்கொண்டிருந்தபோது லைட் தற்செயலாக அணைந்திருக்கிறது. இதுதான் சமயம் என்று, கோளாறே இல்லாத பக்கத்து சீட் கதவின் பேடைக் கழற்றி லாட்ச் கப்ளரைப் பிடுங்கியிருக்கிறார். லைட் எரிந்துவிட்டது. திரும்ப மாட்டினால் அணைகிறது. 'பிடுங்கினால் அணையும் என்றீர்களே அண்ணே, நல்ல கதவே எரிய வைக்கிறதே' என்று கேட்கிறார். நியாயமான கேள்வி.

என் வண்டி ஒரு விதம், இவர் வண்டி வேறு விதம். என் வண்டியில் கதவு திறந்தால் சுவிட்ச் சேர்ந்து, லைட்டுக்குச் செய்தி சொல்லும் அந்த சிக்னல் வயரை எர்த்தோடு, அதாவது வண்டியின் தகரத்தோடு இணைக்கும். கதவு மூடினால் இணைப்பு விடுபடும். ஆகவே கப்ளரைப் பிடுங்கினால் 'மூடியிருக்கிறது' என்று வண்டி நினைக்கும். இவருடையதில் தலைகீழ்: கதவு மூடினால்தான் சுவிட்ச் சேரும். அப்படிப்பட்ட வண்டியில் எதைப் பிடுங்கினாலும் 'திறந்திருக்கிறது' என்றுதான் காட்டும். நான் என் வண்டியை வைத்து உலகத்துக்கே பாடம் எடுத்துவிட்டேன்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அந்த வெட்டச் சொன்ன மனிதருக்குத் தெரிய வேண்டியது. இவர் வண்டியில் வயரை வெட்டியிருந்தால் லைட் ஆயுளுக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

ஆக முதல் வேலை, எந்த விதம் என்று பார்ப்பது. லாட்ச் கப்ளரைக் கழற்றி, லாட்ச் பக்கத்து பின்களில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வை. சென்ட்ரல் லாக் மோட்டாரின் பின்களும் அதிலேயே இருக்கும், அவற்றை விட்டுவிட்டுக் கொக்கியைத் தள்ளும்போது எந்த ஜோடியில் அளவு மாறுகிறதோ அதுதான் சுவிட்ச். கொக்கி ஒரு நிலையில் இருக்கும்போது பூஜ்யத்துக்குப் பக்கத்தில், இன்னொரு நிலையில் ஒன்றுமே இல்லாமல் திறந்த சர்க்யூட். நல்ல சுவிட்ச் இப்படித்தான் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லும். 40 ஓம், 200 ஓம், திரும்ப 15 என்று தடுமாறினால் கான்டாக்ட் அழுக்கு, அல்லது தேய்ந்துவிட்டது.

மூடினால் சேரும் விதமென்றால், வண்டிப் பக்கத்து கப்ளரில் அந்த இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயர் துண்டால் இணைத்து லைட் அணைகிறதா என்று பார்க்கலாம். எது எது என்று மீட்டரில் உறுதி செய்த பிறகுதான். லாக் மோட்டாருக்குப் போகும் முனையைத் தவறாக எர்த்தில் தொட்டால் பியூஸோடு போனால் அதிர்ஷ்டம்.

ஜூன் 10

'கதவை ஓங்கிச் சாத்தினால் போதும், நான் பத்து வருடமாக அப்படித்தான்' என்று ஒருவர் சொல்கிறார். ஐயா, பத்து வருடமாக ஓங்கிச் சாத்துகிறீர்கள் என்றால் அது சரியாகவில்லை என்றுதானே அர்த்தம்.

ஜூன் 17

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் வண்டியில் லைட் திரும்ப எரிகிறது.

நேற்று மாலை. குண்டும் குழியுமான இடத்தில் ஒரு தூக்கு தூக்கிப் போட்டது, பீப், சிவப்புப் படம். இரண்டு நிமிடத்தில் அணைந்தது. அடுத்த பள்ளத்தில் திரும்ப. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, 'அரை மணி நேரத்தில் சரி செய்தீர்களே, அதுவா?' என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நாலு கதவுக்கும் ஸ்ப்ரே அடித்தேன். ஒரு கேன் காலி. லைட் அசையவில்லை.

ஜூன் 18

ஒரு நண்பரிடம் நல்ல ஸ்கேனர் இருந்தது, வாங்கி வந்தேன். நம்மில் பலரும் வைத்திருக்கும் கையடக்க ரீடர் பெரும்பாலும் இன்ஜின் பக்கத்துக் கோளாறு எண்களை மட்டும்தான் படிக்கும். கதவு, லைட், லாக் எல்லாம் பாடி கன்ட்ரோல் யூனிட்டின் கீழ் வருவது. அந்த யூனிட்டோடு பேசும் ஸ்கேனராக இருந்தால் ஒவ்வொரு கதவையும் தனித்தனியாக 'திறந்தது', 'மூடியது' என்று ஓடும் நிலையிலேயே பார்க்கலாம். டேஷ்போர்டில் ஒரே படம் இருந்தாலும் உள்ளே நாலும் தனித்தனியாக வந்து சேரும் வண்டிகள் நிறைய. (எல்லா சுவிட்சையும் ஒரே வயரில் சேர்த்துவிட்ட பழைய அமைப்பில் இது பயன்படாது.)

பார்த்தால், இடது பின் கதவு. நான் மாதத்தில் ஒரு முறை கூடத் திறக்காத கதவு! ஓட்டுநர் கதவுதான் ஒரு நாளைக்கு முப்பது முறை திறந்து மூடப்படுகிறது, தேய்ந்தால் அதுதான் தேய வேண்டும் என்று நினைத்துத்தான் போன வருடம் அதில் அரை கேன் அடித்தேன்.

ஜூன் 20

இன்று விடுமுறை. காலையிலேயே இடது பின் கதவின் பேடைக் கழற்றினேன். ஒரு கிளிப் உடைந்தது, எப்போதும் ஒன்று உடையும். லாட்ச் கப்ளரைப் பிடுங்கினேன். என் வண்டியில் பிடுங்கினால் லைட் அணைய வேண்டும், மேலே ஜூன் 9இல் பெரிதாக விளக்கியிருக்கிறேன். அணையவில்லை. லாட்ச்சுக்கு வயரே இணைந்திருக்கவில்லை, ஆனாலும் 'கதவு திறந்திருக்கிறது'. அப்படியென்றால் லாட்ச்சுக்கு வருவதற்கு முன்பே அந்த சிக்னல் வயர் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது.

பிறகு தற்செயலாக ஒன்றைப் பார்த்தேன். கப்ளர் பிடுங்கிய நிலையிலேயே, டீ குடிக்கப் போகும் அவசரத்தில் கதவை முழுக்க விரியத் தள்ளிவிட்டு எழுந்தேன். கேபின் லைட் அணைந்துவிட்டது. கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, உள்ளே விளக்கு இல்லை. கதவை மெதுவாக உள்ளே கொண்டுவந்தேன். பாதி வரை இருட்டு. ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது மினுக், மினுக், எரிந்துவிட்டது. திரும்ப விரித்தேன், அணைந்தது. பைத்தியக்காரன் மாதிரி பத்து முறை கதவை ஆட்டிக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.

கதவு அசையும்போது வளைவது ஒரே ஒரு இடம்தான். கதவுக்கும் தூணுக்கும் நடுவில் அந்தக் கறுப்பு ரப்பர் குழாய். அதை இரண்டு விரலால் பிடித்து நசுக்கினால் லைட் நடனமாடுகிறது.

ஜூன் 21

ரப்பரைப் பிரித்துப் பார்க்க இன்று நேரமில்லை. தூணின் கீழ்ப் பக்கத்து மூடியைத் திறந்து, அந்தக் கதவின் பெரிய கப்ளரிலிருந்து சிக்னல் பின்னை மட்டும் மெல்லிய ஊசியால் நெம்பி வெளியே எடுத்து டேப் சுற்றி வைத்தேன். லைட் இல்லை, பீப் இல்லை. என்ன அமைதி.

வெட்டாதே என்று சொன்னவன் செய்த வேலைதான் இது, தெரிகிறது. வெட்டவில்லை, கழற்றித்தான் வைத்திருக்கிறேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஜூன் 25

பின்னைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று அக்காவும் அவள் மகளும் வண்டியில் வந்தார்கள். ஆறு வயதுக் குழந்தை, இடது பக்கம் பின்னால் ஏறிக் கதவை அவளே சாத்தினாள், மாமா நான் சாத்திட்டேன் என்றாள். டேஷ்போர்டைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கிளம்பிவிட்டேன். வேகம் கூடியதும் பின்னாலிருந்து ஒரு விசில் மாதிரிக் காற்றுச் சத்தம். கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு வளைவில் திரும்பும்போது சத்தம் மாறியது, அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் கதவு அரை லாக்கில் நிற்கிறது. விரல் நுழையும் இடைவெளி. குழந்தை பெல்ட் போட்டு அந்தக் கதவின் மேலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அரை லாக் என்பது சும்மா ஒரு வசதிக்காக வைத்ததில்லை, சரியாகச் சாத்தாத கதவு ஒரேயடியாகத் திறந்துவிடாமல் இருக்கத்தான் அந்த முதல் 'டக்'. ஆனால் அதன் பிடி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கதவு லாட்ச்சுக்கான ஐ.நா. வாகன விதி எண் 11இல், முழு லாக் 11,000 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும், அரை லாக்குக்கு 4,500 போதும். கிலோ கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 1,120 கிலோ எடையின் இழுப்பும் 460 கிலோ எடையின் இழுப்பும். பாதிகூட இல்லை. அதுவும் சோதனைக் கூடத்தில் புது லாட்ச்சுக்கு. என்னுடையது பத்து வருடப் பழசு.

அக்காவிடம் சொல்லவில்லை. 'காற்றுச் சத்தம் வந்தது, பார்த்தேன்' என்றேன், அவ்வளவுதான்.

லைட் எரியட்டும், பீப் அடிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வரை சகித்துக்கொள்கிறேன்.

ஜூன் 28

முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், இந்த வேலையில் எல்லாரும் தப்பு செய்யும் இடம் ஒன்று இருக்கிறது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயின் இரண்டு முனைகளையும் தகரத்திலிருந்து விடுவித்தேன். நுனியில் ஒரு வரி மாதிரி பள்ளம் இருக்கும், அதில்தான் தகரத்தின் விளிம்பு உட்கார்ந்திருக்கும், நகத்தால் சுற்றி வந்தால் வந்துவிடும். குழாயைத் தூண் பக்கமாகச் சுருட்டித் தள்ளியதும் உள்ளே வயர்க் கட்டு. பவர் விண்டோ இரண்டு தடித்த வயர், ஸ்பீக்கர், லாக் மோட்டார், எர்த், சிக்னல். தொழிற்சாலையில் சுற்றிய டேப் பிசுபிசுத்துப்போய் விரலோடு வந்தது.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு வயராக விரலிடுக்கில் வைத்து வளைத்துப் பார்த்தேன். மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டது, சிக்னல், வளைத்ததும் தோல் விரிந்து உள்ளே செம்பு தெரிந்தது. பளபளப்பு இல்லை, பாசி பிடித்த பச்சை. நிமிர்த்தினால் விரிசல் மூடிக்கொள்கிறது, கண்ணுக்கே தெரியாது. அதே உயரத்தில், ஒட்டினாற்போல் கறுப்பு எர்த் வயர், அதிலும் விரிசல். கதவை மூடும்போது கட்டு வளைகிறது, இரண்டு விரிசலும் வாயைத் திறந்து ஒன்றையொன்று முத்தமிடுகின்றன. கதவை விரித்தால் பிரிகின்றன. இதுதான் கதை. லாட்ச் சுவிட்ச் செய்ய வேண்டிய வேலையை இந்த இரண்டு வயரும் சேர்ந்து, தப்பான நேரத்தில், செய்துகொண்டிருந்தன.

இதே விரிசல் தம்பியின் வண்டி மாதிரி தலைகீழ் அமைப்பில் வந்தால் லைட் எரியாமல் போகும். கதவு திறந்தாலும் மூடியது என்றே காட்டும், யாருக்கும் தெரியவே தெரியாது. அங்கே லைட் எரிய வேண்டுமென்றால் வயர் முழுதாக அறுந்திருக்க வேண்டும்.

இப்போது அந்தத் தப்பு செய்யும் இடம். விரிசல் இருக்கும் இடத்தில் வெட்டி, முறுக்கி, சால்டர் வைத்து, டேப் சுற்றிவிட்டால் ஒரு மாதம் நன்றாக இருக்கும். சால்டர் உறிஞ்சிய செம்பு கம்பி மாதிரி விறைத்துப்போகும், வளையும் இடத்தில் விறைப்பு இருந்தால் அதன் ஓரத்திலேயே அறும். நான் செய்தது: விரிசலுக்கு இரு பக்கமும் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, நுண்ணிழைகள் நிறைந்த இளகிய வயரை, அதே தடிமனில், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு நடுவில் வைத்தேன். ஒரு இணைப்பு தூணுக்குள், இன்னொன்று கதவுக்குள். ரப்பர் குழாய்க்குள் இணைப்பே கிடையாது. இரண்டு வயரின் இணைப்புகளும் பக்கம் பக்கமாக வராமல் இரண்டு விரற்கடை தள்ளித் தள்ளி வைத்தேன், இல்லாவிட்டால் கட்டு புடைத்துக்கொண்டு துளைக்குள் நுழையாது. மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். பச்சை பிடித்த இடத்தில் சால்டர் ஒட்டவே ஒட்டாது, அது முடிந்து பளிச்சென்று செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். எனக்கு நாலு விரல் நீளம் போனது.

கட்டைத் திரும்பச் சுற்ற ஒட்டும் டேப் போடாமல், வயர்களுக்கான துணி டேப்பை லேசாகச் சுற்றினேன். ரப்பருக்குள் வயர்கள் கொஞ்சம் வழுக்கி நகர இடம் வேண்டும்.

வயரை இழுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, அதையும் செய்துவிட்டேன். ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்தால், உள்ளே செம்பு அறுந்து வெறும் தோலால் தொங்கும் வயர் ரப்பர் மாதிரி நீளும். ஸ்பீக்கர் வயரில் ஒன்று நீண்டது. அந்த ஸ்பீக்கர் ஒரு வருடமாகக் கரகரத்ததற்கு நான் பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2

முதல் பதிலைத் திரும்பப் படித்தேன். 'வேலை முடிந்தது' என்று எழுதியிருக்கிறேன், படிக்கவே கூச்சமாக இருக்கிறது.

போன வருடம் உண்மையில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். ஸ்ப்ரே அடிக்கிறேன் பேர்வழி என்று நாலு கதவையும் மாறி மாறித் திறந்து மூடியிருக்கிறேன். அந்த ஆட்டத்தில் ரப்பருக்குள் கட்டு கொஞ்சம் புரண்டு இரண்டு விரிசலும் எதிரெதிராக இல்லாமல் விலகியிருக்கும். லைட் அணைந்தது. பெருமை ஸ்ப்ரேக்குப் போனது. ஒரு வருடம் கழித்து ஒரு பள்ளம் கட்டைத் திரும்பப் பழைய இடத்துக்குப் புரட்டியிருக்கிறது. இதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பச்சை ஒரு மாதத்தில் பிடித்த பச்சை அல்ல.

ஆகவே தம்பி, ஸ்ப்ரேயை நம்பாதே, முதலில் ரப்பரை நசுக்கிப் பார்.

ஜூலை 5

தம்பி எழுதியிருக்கிறார். ரப்பர்கள் நாலும் நன்றாக இருக்கின்றன. ஓட்டுநர் பக்க லாட்ச்சில் மீட்டர் 15, 90, 300 என்று ஆடியிருக்கிறது. ஸ்ப்ரே அடித்து முப்பது முறை தட்டியதும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதாம். ஆறு நாளாக லைட் இல்லை, பேட்டரியும் நிற்கிறது.

நான் திரும்பப் பெற்றுக்கொண்ட யோசனைதான் அவருக்குப் பலித்திருக்கிறது. என்ன சொல்வது.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள் தம்பி. துருநீக்கி ஸ்ப்ரே பழைய கிரீஸையும் கழுவிவிட்டிருக்கும், அதுவே கிரீஸாகி நிற்காது. கொக்கியும் அதைப் பிடித்து நிறுத்தும் நாக்கும் உரசும் இடத்தில் வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு பட்டாணி அளவு வை. சுவிட்ச் பக்கம் கிரீஸை அமுக்காதே, அங்கே கான்டாக்ட் கிளீனர் மட்டும். பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் தின்றுவிடும். மீட்டர் இனி திரும்ப ஆட ஆரம்பித்தால் கான்டாக்ட் தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள். பல லாட்ச்களில் அந்தச் சுவிட்ச் தனியாக வராது, முழு லாட்ச்சைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

ஜூலை 8

இன்னும் இரண்டு மூன்று கேள்விகள் வந்தன, சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கதவு தொங்கிப்போய் லைட் எரிவதாக ஒருவர். கதவைப் பாதி திறந்து, பின் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் கீல் புஷ் போய்விட்டது. ஸ்ட்ரைக்கரை நகர்த்தி அதைச் சமாளிக்க நினைக்காதீர்கள், இரண்டு மாதத்தில் திரும்பத் தொங்கும். கீல் நன்றாக இருந்து பீடிங் (கதவைச் சுற்றி வரும் ரப்பர்) புதிதாகப் போட்டதால் கதவு முழுதாக உட்காரவில்லை என்றால் ஸ்ட்ரைக்கரை ஒரு மில்லி மீட்டர் நகர்த்தலாம். தளர்த்துவதற்கு முன் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். கோடு போடாமல் தளர்த்திவிட்டு நான் ஒரு மாலை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

பழைய லாரி வைத்திருப்பவர்: உங்களுடையதில் தூணில் ஒரு ரப்பர் தொப்பி போட்ட பொத்தான் இருக்கும், கதவு மூடினால் அமுங்கும். அது இன்னும் எளிது. ஒரு ஸ்க்ரூதான், அதன் வழியாகத்தான் பல வண்டிகளில் எர்த்தே வருகிறது, அது துருப்பிடித்தால் கதவு திறந்தாலும் லைட் வராது. பொத்தான் வெளியே வராமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான். மாறாக லைட் அணையவே இல்லை என்றால் ரப்பர் தொப்பி தேய்ந்து, கதவு பொத்தானை முழுதாக அமுக்காமல் இருக்கலாம். 24 வோல்ட் வண்டி என்பதால் பல்பு வாங்கும்போது கவனம், 12 வோல்ட் பல்பு போட்டால் ஒரு மின்னலோடு சரி.

பெட்டி லாரியின் பின் கதவுக்குக் காந்த சுவிட்ச் போட்டவர்: காந்தமும் சுவிட்சும் நேருக்கு நேர் இருக்கிறதா என்று பாருங்கள். கதவு கொஞ்சம் இறங்கினாலே அதற்குப் போதும்.

ஜூலை 23

நேற்று இரவு நல்ல மழை. வண்டியை எடுத்து நூறு மீட்டர் போயிருப்பேன், சிவப்புப் படம், பீப். நெஞ்சு அடைத்துவிட்டது. ஓரம் கட்டி, டார்ச்சும் மல்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு இறங்கி, நேராக இடது பின் கதவுக்குப் போய் ரப்பரை நசுக்கினேன். ஒன்றுமில்லை. கதவை விரித்து மூடி, விரித்து மூடி, முழுக்க நனைந்துவிட்டேன். வலது பின் கதவு, முன் கதவு, எல்லா ரப்பரும் பார்த்தாயிற்று. என் மனைவி உள்ளேயிருந்து எட்டி, ஓட்டுநர் கதவைக் காட்டினாள்.

சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு கதவிடுக்கில் மாட்டியிருந்தது.